அசையாத கர்சர்

வழக்கமான லினக்ஸ் டெர்மினல் ஒன்றில், நிர்வாகி அதிகாரம் கேட்கும் சூடோ என்ற சொல்லில் தொடங்கும் கட்டளையைத் தட்டி என்டர் அடித்தால், கடவுச்சொல் கேட்டு ஒரு வரி வரும். அந்த வரியின் கடைசியில் கர்சர் மினுக்கிக்கொண்டிருக்கும். எழுத்துகளைத் தட்டத் தொடங்கினாலும் கர்சர் இருந்த இடத்தை விட்டு அசையாது. புள்ளி வராது, நட்சத்திரக் குறி வராது. முதன்முறை இதைப் பார்ப்பவர் கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைத்து வயரைப் பிடுங்கிச் செருகுவார்; இல்லையென்றால் திரை உறைந்துவிட்டது என்று மூடிவிடுவார். பழகியவர்கள், 'அது அப்படித்தான், பாதுகாப்புக்காக. நீங்கள் பாட்டுக்குத் தட்டி என்டர் அடியுங்கள்' என்பார்கள். சர்வர்களையும் உள்நுழைவுத் திரைகளையும் பார்த்துக்கொள்ளும் எங்கள் தொழிலில் மூத்தவரிடமிருந்து இளையவருக்குக் கைமாறி வரும் பதில் இது. அதில் பாதிதான் சரி என்பது என் வாதம். கடவுச்சொல்லின் எழுத்துகள் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படாமல் வைப்பது பாதுகாப்பு. தட்டுகிறவருக்கே எதுவும் தெரியாமல் வைப்பது வேறு விஷயம். பல நேரங்களில் அது பாதுகாப்பைக் கெடுக்கவே செய்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டு நாங்கள் குழப்பிக்கொண்டோம். அதன் விலையைத் தினமும் கொடுப்பவர்கள், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் சாதாரண மனிதர்கள்.

இந்த மௌனம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் இன்று அது எவ்வளவு தேவை என்று அளக்க முடியும். கடவுச்சொல் கேட்ட முதல் கணினி அமைப்புகளில் ஒன்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய சி.டி.எஸ்.எஸ். அன்று பயனர் முன்னால் இருந்தது திரை அல்ல; டெலிடைப் போன்ற, காகிதச் சுருளில் அச்சடிக்கும் கருவி. தட்டியதெல்லாம் மையாகப் பதிந்து அறையிலேயே கிடக்கும். கடவுச்சொல்லும் அப்படிப் பதிந்தால், குப்பைக்கூடையைக் கிளறுகிற யாருக்கும் அது கிடைத்துவிடும். இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. பல கருவிகளில், நாம் தட்டிய எழுத்து நேராகக் காகிதத்துக்குப் போகாது. கணினிக்குப் போய், கணினி அதைத் திருப்பி அனுப்பிய பிறகே அச்சாகும். இதற்கு எக்கோ, அதாவது எதிரொலி, என்று பெயர். கடவுச்சொல் கேட்கும் நேரத்தில் மட்டும் எதிரொலியை நிறுத்திவிட்டால் காகிதம் வெறுமையாக இருக்கும். யூனிக்ஸும் அதன் வழிவந்த லினக்ஸும் எடுத்துக்கொண்டது இந்த வழியை. வேறு சில கருவிகள் தட்டியதைத் தாமே அச்சடித்துவிடும். எதிரொலியை நிறுத்த வழியில்லை. அங்கே கணினி முன்கூட்டியே எக்ஸ், எம் போன்ற எழுத்துகளை ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துக் கறுப்புப் பட்டை ஒன்றைத் தயார் செய்து வைக்கும். கடவுச்சொல் அந்தக் கறுப்பின் மேல் விழுந்து, படிக்க முடியாமல் போகும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த இரண்டாவது வழியில் எழுத்து மறைந்தது, ஆனால் ஒவ்வொரு தட்டலுக்கும் அச்சுத் தலை ஓர் இடம் நகர்ந்தது. கைக்கு பதில் கிடைத்தது.

இந்த வரலாற்றிலிருந்து மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்து எடுக்கலாம். முதலாவது, என்ன எழுத்து என்பது. இரண்டாவது, மொத்தம் எத்தனை எழுத்து என்பது. மூன்றாவது, தட்டியது போய்ச் சேர்ந்ததா என்பது. திரையில் புள்ளி போடும் உள்நுழைவுப் பெட்டி முதலாவதை மறைத்து மற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறது. டெர்மினல் மூன்றையும் மறைக்கிறது. கண் வடிவப் பொத்தானை அழுத்தினால் மூன்றும் தெரிகிறது. எதை மறைக்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும் என்பது ஒவ்வொன்றுக்கும் தனியாக எடுக்க வேண்டிய முடிவு. காகிதச் சுருள் போய் அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. திரையில் வருவது அடுத்த நொடி அழிந்துவிடும், குப்பைக்கூடைக்குப் போகாது. ஆனாலும் காகிதத்துக்காக எடுத்த முடிவு, யாரும் மறுபடி கேள்வி கேட்காததால், அப்படியே தங்கிவிட்டது.

தங்கிவிட்டதால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கணக்கு இருக்கிறது. கார்னெல் டெக், எம்.ஐ.டி., டிராப்பாக்ஸ் ஆய்வாளர்கள் சேர்ந்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், டிராப்பாக்ஸின் உள்நுழைவுகளை 24 மணி நேரம் கவனித்தார்கள். தோல்வியுற்ற முயற்சிகளில் 9 விழுக்காட்டுக்கும் மேலானவை மூன்றே மூன்று பிழைகளால் வந்தவை: கேப்ஸ் லாக் விழுந்திருந்தது, முதல் எழுத்து பெரிதா சிறிதா என்பதில் தடுமாற்றம், கடைசியில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்தது. சரியான கடவுச்சொல் தெரிந்திருந்தும் இந்தப் பிழைகளால் அந்த நாளில் உள்ளே வர முடியாமலே போனவர்கள் பயனர்களில் 3 விழுக்காடு. மூன்றுமே கண்ணால் பார்த்திருந்தால் அரை நொடியில் திருத்தியிருக்கக்கூடிய பிழைகள். உதவிக்கு அழைப்பவரிடம் இந்தத் தொழிலில் முதலில் கேட்கப்படும் கேள்வி 'கேப்ஸ் லாக் ஆனில் இருக்கிறதா பாருங்கள்' என்பதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மூன்று தடவை தவறினால் கணக்கைப் பூட்டும் வழக்கம் இதன்மேல் சேரும்போது நஷ்டம் பெருகுகிறது. மனிதர் செய்தது தட்டச்சுப் பிழை. இயந்திரம் அதைத் திருட்டு முயற்சியாக எழுதிக்கொள்கிறது.

நஷ்டம் நேர விரயத்தோடு நிற்பதில்லை. இரகசியமே வெளியே சிந்துகிறது. பெட்டி எப்போது தயாரானது என்று தெரியாமலும், முந்தைய விசை ஏறியதா என்று தெரியாமலும் வேகமாகத் தட்டுகிறவர், பயனர் பெயர் கேட்கும் இடத்திலேயே கடவுச்சொல்லைத் தட்டிவிடுவார். அங்கே மறைப்பு கிடையாது. இன்னும் மோசம், சர்வர் அதைப் பதிவேட்டில் எழுதி வைக்கும். லினக்ஸ் சர்வரின் உள்நுழைவுப் பதிவுக் கோப்பில், 'இப்படி ஒரு பயனர் இல்லை' என்று தேதி நேரத்தோடு ஒரு வரி வரும். இல்லாத அந்தப் பயனரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், பெரிய எழுத்தும் எண்ணும் ஆச்சரியக்குறியும் கலந்த சொல் ஒன்று இருக்கும். சில நொடி கழித்து அடுத்த வரியில், அதே முகவரியிலிருந்து உண்மையான பயனர் ஒழுங்காக உள்ளே வந்திருப்பார். இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஒருவரின் பெயரும் கடவுச்சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கின்றன. பதிவுகளைப் படிக்கும் வேலையில் இருக்கும் எவருக்கும் இந்த இரட்டை வரி தெரியும். தோளுக்குப் பின்னால் நிற்கும் ஒருவரிடமிருந்து காப்பாற்றப் போய், பதிவேட்டைத் திறக்க உரிமையுள்ள எல்லோரிடமும் கொடுத்துவிடுகிறோம்.

மூன்றாவது நஷ்டம் இன்னும் ஆழமானது. பார்க்காமல் தட்ட வேண்டும் என்றால், மனிதர் தட்டுவதற்கு எளிதான சொல்லையே தேர்ந்தெடுப்பார். ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்ஸனும் 1979-ல் எழுதிய கட்டுரையில் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 86 விழுக்காடு மிகக் குட்டையானவை, அல்லது சிறிய எழுத்துகள் மட்டுமே கொண்டவை, அல்லது அகராதியில் இருப்பவை. அதற்கு மௌனத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. அன்று யூனிக்ஸ் கணக்கில் எடுத்ததே எட்டு எழுத்துகள்தான், நீளமான சொல்லின் தேவையும் பரவலாக உணரப்படவில்லை. இன்று நிலைமை வேறு. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டி, குறைந்தது 64 எழுத்துகள் வரை ஏற்க வேண்டும், எண்ணும் குறியும் கலந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது, காரணமில்லாமல் குறித்த காலத்துக்கொருமுறை மாற்றச் சொல்லக் கூடாது என்றது. சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்த நீளமான தொடர், குட்டையான குழப்பச் சொல்லை விடப் பலம் என்பது இன்று தொழிலில் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொண்டது. முப்பது எழுத்துத் தொடரைப் புள்ளிகளை மட்டும் பார்த்து, அதுவும் செல்போனின் சின்னஞ்சிறு விசைகளில், பிழையில்லாமல் தட்டச் சொல்வது எப்படி நியாயமாகும்? பதினேழாவது எழுத்தில் விரல் தவறினால், தவறியது எங்கே என்று தெரியாது. முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். இரண்டு முறை அப்படி ஆனால் மூன்றாவது முறை அவர் கடவுச்சொல்லையே சுருக்கிவிடுவார். நீளமாக வை என்று அறிவுரை சொல்லிவிட்டு, நீளமாக வைப்பவரைத் திரை தண்டிக்கிறது.

தமிழில் தட்டுகிறவருக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. விசைப்பலகை தமிழுக்கு மாறியிருப்பது கவனத்தில் இல்லாமல் ஆங்கிலச் சொல்லைத் தட்டினால், சில அமைப்புகளில் பெட்டிக்குள் தமிழ் எழுத்துகள் போய் உட்காரும். மேலே தெரிவது வழக்கமான அதே புள்ளிகள். வேண்டுமென்றே தமிழில் கடவுச்சொல் வைக்க விரும்பினாலும் கணக்கு இடறுகிறது. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். பெட்டியில் ஐந்து புள்ளிகள் விழும்போது, எங்கோ கூடுதலாகத் தட்டிவிட்டோம் என்று தோன்றும். 'கொ' என்ற எழுத்தை ஒகரக் குறி ஒன்றை மட்டும் சேர்த்தும் அமைக்கலாம், எகரக் குறியையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் அமைக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. சர்வர் இவற்றைச் சமன்படுத்திய பிறகே சரிபார்க்க வேண்டும் என்று நிஸ்ட் வழிகாட்டியும் சொல்கிறது. அப்படிச் செய்யாத இடத்தில், வீட்டுக் கணினியில் ஏற்றுக்கொள்ளப்பட்ட சொல் அலுவலகக் கணினியில் மறுக்கப்படும். ஆங்கிலத்தில் ஒரு விசைக்கு ஓர் எழுத்து, ஓர் எழுத்துக்கு ஒரு புள்ளி. அந்த அனுமானம் பொருந்தாத மொழிகளில் தட்டுகிறவர்களுக்கு, தட்டியதைக் காணும் வசதி இன்னும் அவசியம்.

இனி மறுப்புகளைப் பார்க்கலாம். எங்கள் தொழிலில் முதலில் எழுவது, புள்ளி போட்டால் நீளம் தெரிந்துவிடுமே என்பது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆங்கில விசைப்பலகையில் தட்டக்கூடிய குறிகள் 95. பன்னிரண்டு குறிகளால் ஆகும் எல்லாச் சேர்க்கைகளையும் எடுத்துக்கொண்டால், ஒன்று முதல் பதினொன்று வரையிலான எல்லாச் சேர்க்கைகளும் ஒன்றாகக் கூடியும் அதில் 94-ல் ஒரு பங்குதான். அதாவது நீளம் பன்னிரண்டு என்று திருடனுக்குத் தெரிந்ததால் அவனுக்கு மிச்சமாகும் உழைப்பு ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மனிதர்கள் வைக்கும் சொற்கள் அப்படிச் சீராகப் பரவியிருக்காது, பிரபலமான கடவுச்சொற்களின் பட்டியலை நீளத்தை வைத்துச் சலித்தால் வேலை பல மடங்கு குறையும் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பட்டியலில் இருக்கும் சொல், நீளம் தெரியாவிட்டாலும், கொஞ்சம் தாமதமானாலும், உடையத்தான் போகிறது. அதைக் காப்பாற்ற வேண்டிய வழி அதை மாற்றுவது. தவிர, புள்ளிகளை எண்ணும் தூரத்தில் இருப்பவர், விசைகளின் சத்தத்தை எண்ணும் தூரத்திலும் இருக்கிறார். ஏ.டி.எம். இயந்திரத்தைப் பாருங்கள். அங்கே ரகசிய எண் நான்கு இலக்கம் என்பது நாட்டுக்கே தெரியும். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு குறி தோன்றுகிறது. அந்தப் பணத்தைக் காப்பது நீளத்தின் இரகசியம் அல்ல. அட்டை கையில் இருக்க வேண்டும், சில தவறுகளுக்கு மேல் இயந்திரம் ஏற்காது என்ற ஏற்பாடுகள்தான் காக்கின்றன.

மௌனம் எதையுமே வெளியிடாது என்ற நம்பிக்கையும் ஆராய்ச்சியில் நிற்கவில்லை. பெர்க்லியில் டான் சாங், டேவிட் வாக்னர், ஷூச்சிங் தியன் மூவரும் 2001-ல் எஸ்.எஸ்.ஹெச். இணைப்பை ஆராய்ந்தார்கள். தொலைவில் இருக்கும் சர்வரோடு மறையாக்கம் செய்து பேசும் வழி அது. இணைப்பு ஏற்பட்ட பிறகு தட்டும் ஒவ்வொரு விசையும் தனித்தனிப் பொட்டலமாகப் போகும். சர்வர் அதற்கு எதிரொலிப் பொட்டலம் ஒன்றைத் திருப்பி அனுப்பும். உள்ளே என்ன எழுத்து என்று வழியில் ஒட்டுக்கேட்பவருக்குத் தெரியாது. ஆனால் பயனர் சர்வருக்குள் இருந்தபடி இன்னொரு கடவுச்சொல்லைத் தட்டும்போது எதிரொலி நின்றுவிடுகிறது. பொட்டலங்கள் போகின்றன, எதுவும் திரும்பவில்லை என்றால், இப்போது தட்டப்படுவது கடவுச்சொல் என்று ஒட்டுக்கேட்பவருக்கு மணியடித்துச் சொன்ன மாதிரி. அதன் பிறகு இரண்டு விசைகளுக்கு இடைப்பட்ட நேரத்தை அளந்து, கடவுச்சொல்லைத் தேடும் வேலையைச் சுமார் 50 மடங்கு குறைக்க முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அந்த இணைப்புக்கான மென்பொருளான ஓப்பன் எஸ்.எஸ்.ஹெச். இதற்குச் செய்த சீர்திருத்தம் கவனிக்கத்தக்கது: எதிரொலி இல்லாத நேரத்திலும் பொய்ப் பதில் ஒன்றைத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். 2023-ல் வந்த 9.5 பதிப்பு, விசைகளின் இடைவெளியே தெரியாதபடி சீரான நேரத்தில் பொட்டலங்களை அனுப்புகிறது. பதில் வராமலிருப்பதும் ஒரு தகவல் என்பதைப் பாதுகாப்புத் துறையே ஏற்றுக்கொண்ட இடம் இது.

இரண்டாவது மறுப்பு வலுவானது: பக்கத்தில் ஆள் இருந்தால்? பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன், கடவுச்சொல்லை மறைப்பதையே நிறுத்துங்கள் என்று 2009 ஜூனில் எழுதினார். பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் முதலில் அதை ஆமோதித்தார். எதிர்ப்புகளைப் படித்தபின், தான் தவறியிருக்கக்கூடும் என்று சில நாட்களிலேயே எழுதினார். எட்டிப் பார்ப்பவர் திரையைத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை என்பது நீல்சன் பக்கத்துக்குச் சாதகம். விரல்களைப் பார்க்கலாம். கலிபோர்னியாவின் இர்வைனில் 2018-ல் செய்த ஆய்வில், விசைகளில் விரல் விட்டுப்போன சூட்டை வெப்பக் கேமராவில் பார்த்து, தட்டி 30 நொடி வரை எந்தெந்த விசைகள் என்று முழுமையாகக் கண்டுபிடித்தார்கள். 2023-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் மடிக்கணினி விசைகளின் சத்தத்தை அருகிலுள்ள செல்போனில் பதிவு செய்து 95 விழுக்காடு சரியாக அடையாளம் கண்டார்கள். உண்மையான பெருந்திருட்டுகளும் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தவை அல்ல. 2009-ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் போனது, அவற்றை அப்படியே சேமித்து வைத்திருந்ததால். வங்கியின் பெயரில் வரும் போலிப் பக்கமும் கடவுச்சொல்லுக்குப் புள்ளிதான் போடுகிறது. அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் மக்கள் நம்புகிறார்கள்.

இத்தனை சொன்ன பிறகும், மறைப்பை அடியோடு எடுத்துவிடச் சொல்பவன் நான் அல்ல. காரணம் மனிதர்கள் சேர்ந்து வாழும் விதம். அலுவலகத்தில் மேலதிகாரி நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். வீட்டில் மாமியாரோ மைத்துனரோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். 'கொஞ்சம் திரும்பிக்கொள்ளுங்கள்' என்று சொன்னால் நம்பிக்கையில்லை என்று அர்த்தமாகிவிடும். புள்ளிகள் அந்தச் சங்கடத்திலிருந்து இருவரையும் காப்பாற்றுகின்றன; யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. அரங்கத்தில் பெரிய திரையில் காட்டிக்கொண்டே பாடம் நடத்துபவருக்கும், வீடியோ கூட்டத்தில் தன் திரையைப் பகிர்ந்திருப்பவருக்கும் மறைப்பு இல்லையென்றால் ஆபத்து நேரடியானது. ஆகவே தொடக்க நிலையில் எழுத்து மறைந்திருக்கட்டும். ஆனால் தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், பார்த்துத் தட்ட விரும்பினால் அதைத் தடுக்கத் திரைக்கு உரிமையில்லை. சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்பது மென்பொருள் எழுதியவருக்குத் தெரியாது, தட்டுகிறவருக்குத் தெரியும். முடிவும் அவருடையதாக இருப்பதே முறை. நிஸ்ட் வழிகாட்டியும் இதையே சொல்கிறது: தட்டியதைக் காட்டும் விருப்பத்தைக் கொடுங்கள், செல்போனில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கணம் தெரிந்து மறையலாம். 2012-ல் விண்டோஸ் 8-ஓடு வந்த கண் பொத்தான் நல்ல முன்மாதிரி. அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் எழுத்து தெரியும், விரலை எடுத்ததும் புள்ளிகள் திரும்பிவிடும். அதே வழியில் வந்த எட்ஜ் உலாவியில், பெட்டியை விட்டு வெளியே போய்த் திரும்பினால் கண் தோன்றாது. முழுவதும் அழித்துப் புதிதாகத் தட்டினால்தான் வரும். எழுந்துபோன இடைவெளியில் வேறொருவர் வந்து உட்கார்ந்து பார்க்க வழியில்லை.

மூன்றாவது மறுப்பைக் கூச்சமில்லாமல் எதிர்கொள்ள வேண்டும்: பதில் சொல்லும் நிரலே ஓட்டையாகிவிடலாம். நடந்திருக்கிறது. சூடோவில் நட்சத்திரக் குறி காட்டும் விருப்பம் பல ஆண்டுகளாக உண்டு. லினக்ஸ் மின்ட், எலிமென்டரி ஓ.எஸ். என்ற லினக்ஸ் வகைகள் இரண்டும் அதை இயல்பாகவே இயக்கி வைத்தன. 2020 ஜனவரியில் அதில் ஒரு பெரும் பிழை வெளியானது. வரி முழுவதையும் அழிக்கும் விசை வந்தால், நிரல் திரையில் உள்ள குறிகளை ஒவ்வொன்றாகத் துடைக்கும். துடைப்பது தோல்வியடைந்தால், எழுதும் இடத்தைத் தொடக்கத்துக்குத் திருப்ப மறந்துவிட்டு, மிச்சமுள்ள இடத்தின் கணக்கை மட்டும் முழுதாகத் திருப்பிவிடும். பாத்திரம் நிறைந்திருக்கும்போதே காலி என்று எழுதி வைத்த மாதிரி. அதற்குமேல் வந்த எழுத்துகள் நினைவகத்தில் வழிந்து, சாதாரணப் பயனர் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற வழி செய்தன. இணையத்திலும் ஒன்று. கண் பொத்தானை அழுத்தியதும் பெட்டி சாதாரண எழுத்துப் பெட்டியாக மாறுவதால், உலாவியின் மேம்பட்ட எழுத்துப்பிழை திருத்தி அதைப் படித்து நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பிவிடக்கூடும் என்று 2022-ல் தெரிய வந்தது. இவை கடுமையான பாடங்கள். ஆனால் இவை கற்பிப்பது பதில் சொல்லாதே என்பதை அல்ல. பதில் சொல்வதை அலங்கார வேலையாக நினைக்காதே என்பதைத்தான். முதலாவது ஒரு பதிப்பில் திருத்தப்பட்டது. இரண்டாவதற்குத் தீர்வு, அந்தப் பெட்டியில் எழுத்துத் திருத்தம் வேண்டாம் என்று ஒரு சொல் எழுதுவது. பிரிட்டன் அரசு இணையதளங்களுக்கான வடிவமைப்புத் தொகுப்பு அதைச் செய்கிறது. படிவத்தை அனுப்பும் கணத்தில் பெட்டியைத் தானாகவே மறுபடி மறைத்தும் விடுகிறது. மௌனமும் ஓட்டைக்கு விதிவிலக்கு இல்லை. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட புதிய சூடோவில் 2025-ல் கண்டுபிடித்த பிழை இது: கடவுச்சொல்லைப் பாதி தட்டிவிட்டு நெடுநேரம் நிறுத்தினால் காலக்கெடு முடிந்து, தட்டிய பாதி அப்படியே திரையில் கொட்டிவிடும்.

நீளத்தையும் காட்டக் கூடாது, பதிலும் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் வழி உண்டு. பழைய லோட்டஸ் நோட்ஸ் மென்பொருளின் கடவுச்சொல் பெட்டிக்கு அருகே எகிப்தியச் சித்திர எழுத்துகள் போன்ற படங்கள், தட்டத் தட்ட மாறிக்கொண்டே வரும். தினமும் தட்டுகிறவர் கடைசியில் வரும் படத்தை அறியாமலே மனதில் பதிய வைத்திருப்பார். வேறு படம் வந்தால், என்டர் அடிக்கும் முன்பே தவறு தெரிந்துவிடும். லினக்ஸில் ஐ3லாக் என்ற திரைப்பூட்டு, ஒவ்வொரு விசைக்கும் ஒரு வளையத்தின் ஏதோ ஒரு துண்டை மினுக்கிக் காட்டும். அழிக்கும் விசைக்கு வேறு நிறம். எத்தனை என்று எண்ண முடியாது, ஆனால் போய்ச் சேர்ந்தது என்று தெரியும். பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் ஒவ்வொரு விசைக்கும் 'ஸ்டார்' என்று சொல்வதும் போய்ச் சேர்ந்தது என்ற பதிலைத் தருகிறது. எழுத்து, நீளம், பதில் என்று மூன்றாகப் பிரித்து யோசித்தவர்கள் இந்த வழிகளை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

இன்னும் சில ஆண்டுகளில் கடவுச்சொல்லே இருக்காது, விரல்ரேகையும் பாஸ்கீயும் வந்துவிட்டன, இந்தக் கவலை எதற்கு என்பது கடைசி மறுப்பு. கடவுச்சொல் குறையும் என்பது சரி. ஒழியும் என்பது சரியல்ல. செல்போனை அணைத்துப் போட்டால் முதல் தடவை அது விரல்ரேகையை ஏற்காது, எண்ணைத்தான் கேட்கும். மறையாக்கம் செய்த வட்டுள்ள கணினி, இயங்குதளம் எழும் முன்பே கடவுச்சொல் கேட்கும். அங்கே நகலெடுத்து ஒட்டவும் முடியாது, வேறு கருவியின் உதவியும் கிடையாது. நூறு கடவுச்சொற்களை நினைவில் வைக்கும் பெட்டகத்தைத் திறக்க ஒரு தலைமைச் சொல் வேண்டும். ஆகத் தட்ட வேண்டியவை சிலவே என்றாலும், அந்தச் சில ஒவ்வொன்றும் நீளமானவை, அரிதாகத் தட்டப்படுபவை, தவறினால் நம்மை வெளியே வைத்துப் பூட்டிவிடுபவை. அங்கேதான் கை தடுமாறும். அங்கேதான் கண் அதிகம் தேவை.

உள்நுழைவுத் திரை எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. எழுத்தை மறைத்தே தொடங்குங்கள். ஒவ்வொரு விசைக்கும் ஏதாவது ஒரு பதில் சொல்லுங்கள். கேப்ஸ் லாக் விழுந்திருந்தால், மொழி மாறியிருந்தால், என்டர் அடிக்கும் முன்பே சொல்லுங்கள். பார்த்துத் தட்ட விரும்புகிறவருக்குக் கண்ணைக் கொடுங்கள். அனுப்பும்போது அதை மூடுங்கள். ஒட்டுவதைத் தடுக்காதீர்கள். மூன்று தட்டச்சுப் பிழைக்கு ஒருவரைத் திருடராக்காதீர்கள். தொடர்ந்து நூறு தவறுகள் வரை மேல்வரம்பு வைக்கலாம் என்று நிஸ்டே இடம் கொடுக்கிறது. காகிதச் சுருளின் காலத்தில் கறுப்புப் பட்டையை யோசித்தவர்களிடம் இன்றைய வசதிகளில் எதுவும் இல்லை. ஆனாலும் அவர்கள் செய்ததில் எழுத்து கறுப்புக்குள் மறைந்தது, அச்சுத் தலை நகர்ந்தது. அந்த நகர்வை மட்டும்தான் கர்சரிடம் கேட்கிறேன்.